இருபத்திரண்டு பல்

இடது காதுக்குள் இருக்கும் நீர்
தன் மட்டத்தை மறந்துவிட்டது என்றார் டாக்டர்.
அன்றிலிருந்து, நின்றால் அரவேனு சாய்கிறது.
நடந்தால் கோத்தகிரி மொத்தமும்
சோப்பு போகாத தட்டைப்போல் கைநழுவுகிறது.
ஸ்கூட்டியை விற்றேன்.
விற்ற காசு ஹாலனின் பட்டறைக்குப் போனது.

தேயிலை ஃபேக்டரிக்கு வெல்டிங் வைப்பவன் ஹாலன்.
படுத்துக்கொண்டே மிதிக்கும் வண்டி என்றதும்
"ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டான்.
ஒருவகையில் ஆமாம்.
வீடுவீடாய்ப் போய் ரத்தம் எடுப்பது என் வேலை.

முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று.
தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில்
கட்டில் நாடா பின்னிய இருக்கை.
மூன்று சைக்கிள் செயினை ஒன்றாய்க் கோத்து
துப்பட்டா மாட்டாதபடி
தண்ணீர்க் குழாய்க்குள் ஓடவிட்டான்.
பெயிண்ட் வாளியை வெட்டிய மட்கார்டில்
'பத்தாண்டு உத்தரவாதம்' இன்னும் அழியவில்லை.
குலுங்கினால் ரத்தம் உடையும் என்றேன்.
மறுநாள் ஐஸ் பெட்டிக்கு அடியில்
யார் வீட்டு சோபாவிலிருந்தோ இரண்டு ஸ்பிரிங்.

முதல்முறை சாய்ந்து படுத்து மிதித்தேன்.
காது தன் பாட்டுக்கு ஏதோ சொன்னது.
வண்டி அதைக் கேட்கவேயில்லை.

இந்த உயரத்தில் ஊர் வேறு.
மேட்டுப்பாளையம் பஸ்ஸின் பின்சக்கரத்தில்
ஒரு நட்டு இல்லை என்பது எனக்குத்தான் தெரியும்.
கணக்கர் போஜனின் சாக்ஸ் இரண்டும் இரண்டு நிறம்.
நாய்கள் என்னை நேருக்கு நேர் பார்த்துவிட்டு
குரைப்பதா என்று யோசிக்கின்றன.

பஸ் ஸ்டாண்டில் ஒருவர்
"பாவம்" என்று என் மடியில் பத்து ரூபாய் போட்டார்.
லேப் கார்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.
திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு வந்தார்.
சர்க்கரை இருநூற்று எண்பது.
இப்போது மாதம் ஒருமுறை வருகிறார்,
கொடிக்கம்பை ஆட்டிப் பார்க்காமல் போவதில்லை.

கொடி என்பது
பள்ளிக்கூட ரெயின்கோட்டில் கிழித்த ஆரஞ்சுத் துண்டு.
தூண்டில் கம்பின் நுனியில்
லாரிக்காரர்களுக்காகப் பறக்கிறது.

ஒரசோலை ஏற்றத்தில்
செயினை இருபத்திரண்டு பல்லுக்குத் தள்ளுவேன்.
அதற்குக் கீழே வேறு பல் கிடையாது.
கால்கள் சுற்றிக்கொண்டே இருக்க
சில்வர் ஓக் மரம் ஒன்று
போகவா வேண்டாமா என்று பின்னால் நகரும்.
கொழுந்துக் கூடையோடு நடந்து வரும் யோகமலர்
என்னை முந்திப் போய்
மேல்வளைவில் காத்திருப்பாள்,
கொழுந்தன் கதையின் மிச்சத்தைச் சொல்ல.

இறக்கத்தில் நான் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.
பிரேக் கருகும் வாடை வந்தால் மட்டும்
கல்வெர்ட் ஓரமாய் நிறுத்தி
பிடியில் ட்யூப் வளையத்தை மாட்டுவேன்.
கட்டப்பட்ட ஆட்டைப்போல் நிற்கும் வண்டி.

டிசம்பரில் ஒரு நாள், காலை ஐந்தே முக்கால்.
மஞ்சுக்குள் சாலை பத்தடிதான் இருந்தது.
பதினோராவது அடியில் காட்டெருமை.
வெள்ளைச் சாக்ஸ் போட்ட நான்கு கால்கள்,
அவற்றின் மேலே
யாரோ விட்டுப்போன கறுப்புச் சுவர்.
விளக்கை அணைத்தேன்.
பின்னால் போக இந்த வண்டிக்குத் தெரியாது.
இறங்கி ஓடலாம்,
ஓடினால் நான் எந்தப் பக்கம் விழுவேன் என்று
காதுக்குத்தான் தெரியும்.
படுத்தே கிடந்தேன், கால்கள் பெடலில்,
நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டதுபோல்.
அதன் மூச்சு என் கண்ணாடியில் படிந்தது.
ஐஸ் பெட்டிக்குள் யார் யாரோ ஆறு பேரின் ரத்தம்
அசையாமல் இருந்தது.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.
போகும்போது அது கொடியை ஒரு முறை முகர்ந்தது.

சாயங்காலம் ஹாலனிடம் சொன்னேன்:
பின்னால் போக ஒரு கியர் வேண்டும்.
சாக்பீஸை எடுத்தான், ஏதோ வரைந்தான், அழித்தான்.
"குதிகாலை ஊன்றித் தள்ளு. செலவு மிச்சம்."
பிறகு என் செருப்பைக் கழற்றச் சொல்லி
பழைய டயரில் ரெண்டு துண்டு வெட்டி
குதிக்கு அடியில் ஆணி அடித்தான்.

நடந்தால் இப்போது டக் டக்கென்று சத்தம்.
லேபில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.